ஒல்லியின் காலுக்கு ஒரு ஜோடி பேட்

இனிமேல் வீட்டுக்குள் நொண்டுவதில்லை என்று உச்சிக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் உறுதி எடுத்துக்கொண்டார். வெளியே எப்படி வேண்டுமானாலும் நொண்டிக்கொள்ளலாம். தெருமுனை திரும்பும் வரைக்கும் நேராக நடந்தால் போதும். மனைவியின் பார்வை அதுவரைதான் எட்டும். அதைத் தாண்டியும் எட்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் மனிதன் எங்காவது ஓர் இடத்தில் நொண்டித்தானே ஆகவேண்டும்.

அவருக்கு மரம் வெட்டும் வேலை. பட்டுப்போன மரம், வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம், கம்பியில் உரசும் மரம், எதுவானாலும் ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கவேண்டும். உச்சியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர்தான் உச்சிக்காரர். ஐம்பத்து நாலு வயது வரை அந்தப் பேரைக் காப்பாற்றிவிட்டார். இப்போது கால்தான் காலை வாரியது.

வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்தில் ஏறும்போது காலில் இரும்பு முள் கட்டிக்கொள்வார்கள். பாதத்துக்கு அடியில் ஒரு இரும்பு வளைவு. அங்கிருந்து காலின் உள்பக்கமாக முழங்காலை நோக்கி ஏறும் ஒரு தண்டு. கணுக்காலுக்குக் கீழே கூர்மையான முள். முள்ளை மரத்தில் குத்தி, அதன்மேல் எழுந்து நின்று, மறு காலைத் தூக்கிக் குத்தவேண்டும். ஆளின் கனம் முழுக்க அந்தத் தண்டின் தலையில். தண்டு காலைக் கடிக்காமல் இருக்கத்தான் முழங்காலுக்குக் கீழே ஒரு பேட் வைத்து வாரால் இறுக்குவது.

உச்சிக்காரருடைய பேட் பதினோரு வருடப் பழசு. உள்ளே இருந்த பஞ்சு என்றைக்கோ உயிரை விட்டுவிட்டது. மேலே இருந்த தோல் மட்டும் தேய்ந்த செருப்பின் அடித்தட்டைப் போல மிச்சம் இருந்தது. ஒவ்வொரு அடி ஏறும்போதும் இரும்பும் எலும்பும் நேருக்கு நேர் பேசிக்கொண்டன. கெண்டைக்காலின் உள்பக்கம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

வீட்டில் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் முன்னால் கான்ட்ராக்டர் அவரைக் கூப்பிட்டு, ஏறினது போதும், கீழே நின்று கயிற்றையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். உச்சிக்காரருக்கு அது பேரைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்ன மாதிரி இருந்தது. முடியாது என்று வந்துவிட்டார். விஷயம் மனைவிக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் இவர் சத்தம் போட்டே ஜெயித்திருப்பார். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி, மெதுவாகப் பேசினார்.

"சரிங்க, உங்க இஷ்டம். ஏறுங்க. ஆனா கால் வலிக்குதுன்னு உங்க வாயால ஒரு தடவை வந்துச்சுன்னா, அன்னையோட இறங்கிடணும். சம்மதமா?"

அப்போது கால் நன்றாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் வாயால வந்தா பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை பிரார்த்தனையில் அந்த அம்மாள் மண்டியிட்டு, இவர் கொடுத்த வாக்குக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். சத்தமாகச் சொன்னார். மேலே ஒரு சாட்சியும் ஏற்பட்டுவிட்டது.

அந்த அம்மாளைத் தெருவில் எல்லாரும் தையலம்மா என்பார்கள். வண்டிகளுக்கு சீட் தைப்பது அவர் தொழில். முன்னறையில் பாதி இடம் ஃபோமும் ரெக்சினும்தான். பெரிய ஊசி போட்ட மெஷின், தோலையே அனாயாசமாகக் குத்தித் தைக்கும். பழைய சீட்டைக் கொண்டு வந்து போட்டால், அது எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது என்று பார்த்தே ஓட்டுகிறவருக்கு இடுப்பில் வலது பக்கம் வலியா இடது பக்கம் வலியா என்று சொல்லிவிடுவார். இப்பேர்ப்பட்டவரிடம்தான் உச்சிக்காரர் காலை மறைத்து வந்தார்.

வீட்டுக்குள்ளும் முழங்கால் வரை காலுறை போட்டுக்கொண்டார். கேட்டால் குளிர் என்றார். பிரார்த்தனைக்கு மண்டியிடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டால், கடவுள் மனசைத்தான் பார்க்கிறார், முழங்காலைப் பார்க்கிறதில்லை என்றார். மறுநாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வலித்தைலம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. யாருக்கு என்றார். யாருக்கும் இல்லை, சும்மா இருக்கட்டும் என்று பதில் வந்தது. அவர் அதைத் தொடவில்லை. தொட்டால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவேதான் அந்தத் திங்கட்கிழமை உறுதி. மாலையில் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்ப் புது பேட் வாங்கிவிடுவது. காரணம் போனால் வலி போகும், வலி போனால் பேச்சும் போகும்.

கயிறும் வாரும் முள்ளும் விற்கும் கடை அது. கடைக்காரர் மூன்று விதமான பேட்களை எடுத்து மேஜையில் பரப்பினார். ஒன்று மெல்லிசான தோல் பேட், தொட்டால் பலகை மாதிரி விறைப்பு. இன்னொன்று நடுத்தரம், உள்ளே தகடு வைத்து, காலைச் சுற்றி அகலமாக ஒட்டிக்கொள்வது. மூன்றாவது தலையணை. உண்மையில் பேட்தான், ஆனால் பார்த்தவுடன் தலையைச் சாய்க்கத் தோன்றும். உச்சிக்காரர் அதன்மேல் விரலை வைத்தார். விரல் உள்ளே போய்க் காணாமல் போயிற்று. இதுவே இருக்கட்டும் என்றார்.

கடைக்காரர் அதைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று பார்க்கச் சொன்னார். வேலைக்குப் போடும் பூட்ஸோடு, முள்ளையும் மாட்டி, அந்த மூலையில் கிடக்கிற கட்டையில் ஒரு குத்து குத்தி ஏறிப் பாருங்கள், நின்றால்தான் கெண்டைச் சதை புடைக்கும், அப்போதுதான் அளவு தெரியும் என்று விளக்கினார். உச்சிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடமாக முள்ளில் நிற்கிறவருக்கு நிற்கச் சொல்லிக் கொடுக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டிப் பார்த்தார். சொர்க்கம். பழைய பேட்டைக் கடைக் குப்பையிலேயே போட்டுவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை சொர்க்கத்தோடு மரம் ஏறினார். முதல் பத்து அடி சுகமாகப் போயிற்று. அதற்குப் பிறகு மெத்தை தன் புத்தியைக் காட்டியது. கனம் ஏற ஏற அது அமுங்கியது. அமுங்க அமுங்க வார் தளர்ந்தது. தண்டு காலை விட்டு வெளியே சாய்ந்தது. முள் மரத்தைப் பார்ப்பதற்குப் பதில் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தது. பாதி மரத்தில் இடது கால் பேட் அப்படியே வழுக்கிக் கணுக்காலுக்குப் போய்ச் சுருண்டு உட்கார, முள் பிடியை விட்டது. இடுப்புக் கயிறு இருந்ததால் ஒரு முழம் சறுக்கியதோடு நின்றது. மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்தவன் ஒல்லி. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், உடம்பில் சதை வைக்கிற இடமெல்லாம் காலியாக விட்டிருந்தவன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. இவர் இறங்கி வந்து, மரம் ஈரமாக இருக்கிறது என்றார். ஒல்லி மரத்தைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த இரண்டு நாளும் ஏணி வைத்துக் கிளை கழிக்கிற வேலைதான். வெள்ளிக்கிழமை பெரிய பட்ட மரம் ஒன்று இருந்தது. அதற்குள் சரியான பேட் வேண்டும். கடையில் வாங்குவதில் நம்பிக்கை போய்விட்டது. நல்ல ஃபோம், நல்ல தோல், அளவெடுத்துத் தைக்கும் கை, மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடம் அவர் வீட்டு முன்னறை.

அங்கேதான் அவருக்கு யோசனை உதித்தது. பேட் தனக்கு என்றால்தானே ஆபத்து. ஒல்லிக்கு என்று சொன்னால்?

அன்று மாலையே தேநீரைக் குடித்துக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது மாதிரி ஆரம்பித்தார்.

"பாவம்மா அந்த ஒல்லி. கால் ரொம்ப வலிக்குதாம். முள் கட்டுற பேட் சரியில்லையாம். நீ ஒரு ஜோடி தைச்சுக் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

தையலம்மா மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒல்லி தம்பி கயிறுதானே பிடிக்குது? முள் எதுக்கு?"

"இப்பல்லாம் அப்பப்ப ஏறுறான்."

"அப்படியா. நல்லது. அளவு?"

"என் கால்ல எடுத்துக்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்."

தையலம்மா இப்போது நிமிர்ந்தார். கணவரின் காலைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, ஒல்லி அந்தப் பக்கம் நடந்து போகிற மாதிரி, சற்று நேரம் பார்த்தார். நாளைக்குத் தம்பியை வரச் சொல்லுங்கள், ஆள் இல்லாமல் அளவு எடுத்துப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி நூல் கோத்தார்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் உச்சிக்காரர் ஒல்லியைத் தெருமுனையில் நிறுத்திப் பாடம் நடத்தினார். நீ பேசவே வேண்டாம், கால் வலிக்கிறது என்று மட்டும் சொல் என்றார். ஒல்லி தயங்கினான். அண்ணியிடம் பொய் சொல்ல வராது என்றான். செவ்வாய்க்கிழமை அண்ணன் சறுக்கியது அவன் கண்ணிலேயே நின்றது, நல்ல பேட் கிடைத்தால் நல்லதுதானே என்று கடைசியில் ஒத்துக்கொண்டான். அடுத்தது அளவு விஷயம். உச்சிக்காரர் பையிலிருந்து இரண்டு துவாலைகளை எடுத்து, ஒல்லியின் இரண்டு கெண்டைக்காலிலும் சுற்றி, மேலே பேண்ட்டை இறக்கிவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். தன் காலையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

தையலம்மா ஒல்லியை முன்னறையின் நடுவில் நிற்கவைத்தார். வேலைக்குப் போடும் பூட்ஸும் பேண்ட்டும் அப்படியே இருக்கட்டும், கனத்தை எல்லாம் ஒரு காலில் போட்டு நில்லுப்பா என்றார். கடைக்காரர் சொன்னதைத்தான் இவரும் சொன்னார். உச்சிக்காரர் கூரையைப் பார்த்தார். டேப்பைக் காலில் சுற்றி இழுத்த தையலம்மா கொஞ்சம் நின்றார். விரலால் ஒரு முறை அமுக்கினார். வாழ்நாளெல்லாம் சீட்டுக்குள் பஞ்சு திணித்த விரல் அது.

பேண்ட்டின் கீழ்நுனியில் நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்து மெல்ல இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. முழுத் துவாலையும் வெளியே வந்து சேர்ந்தபோது ஒல்லியின் கால் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. மறு காலிலிருந்தும் ஒன்று வந்தது. தையலம்மா இரண்டையும் உதறி, ஓரம் சேர்த்து மடித்து, அலமாரியில் அவற்றின் இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். துவாலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி, எங்கப்பா வலிக்குது?"

ஒல்லி வாயைத் திறந்தான். வாய்க்குப் பொய் வரவில்லை. கண்ணுக்கு மறைக்கவும் தெரியவில்லை. அது நேராக உச்சிக்காரருடைய இடது கெண்டைக்காலுக்குப் போய் நின்றது.

தையலம்மாவும் அங்கே பார்த்தார். உச்சிக்காரரும் வேறு வழியில்லாமல் தன் காலையே பார்த்தார். மூன்று பேரும் ஒரு காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவ்வளவுதான், குட்டு உடைந்தது, இனி மரம் இல்லை என்று உச்சிக்காரர் நினைத்தார். ஆனால் அந்த அம்மாள் எதுவும் நடக்காதது போல, மறுபடி குனிந்து டேப்பை எடுத்தார்.

"சரி, அதான் வந்தாச்சே, அளவு எடுத்துடுவோம். ஏன் தம்பி, உனக்கு ஏறத் தெரியுமா?"

தெரியும் என்றான் ஒல்லி. ஏறுகிற பயிற்சியெல்லாம் இரண்டு வருடம் முன்னாலேயே முடித்துச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறானாம். ஆனால் கடையில் விற்கிற எந்த பேட்டும் அவன் காலில் நிற்பதில்லை. எவ்வளவு இறுக்கினாலும் காலைச் சுற்றி ராட்டினம் மாதிரி ஓடும். பேட் ஓடினால் தண்டும் ஓடும், முள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அதனால்தான் கயிறு பிடிக்கிறான். இதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். உச்சிக்காரருக்கே இது புதுச் செய்தி. ஏற பயம் போலிருக்கிறது என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.

தையலம்மா பழுப்புக் காகிதத்தை எடுத்து ஒல்லியின் காலில் சுற்றி வரையத் தொடங்கினார். முழங்கால் எலும்புக்குக் கீழே இரண்டு விரல் விட்டுக் கோடு போட்டார். தண்டு படுகிற இடத்தில் ஒரு தகடு வேண்டும் என்றார். அதற்குள்ளே அமுங்காத கெட்டி ஃபோம். காலைத் தொடுகிற பக்கம் மட்டும் மெல்லிசாக ஒரு மெத்து. மெத்தென்று இருப்பது வேறு, சுகமாக இருப்பது வேறு, நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் பஞ்சு சீட்டில் உட்கார மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

உச்சிக்காரர் விடவில்லை. கடைசி முயற்சியாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் பெருசாவே வைம்மா. தம்பி நாளைக்குச் சதை போட்டா பத்தாது."

"சதை போட்டா பிரிச்சுத் தைச்சுத் தரேங்க."

"சுத்துப் பட்டியாவது நாலு விரல் நீளமா..."

"நாலு விரல் நீளம் இருந்தா தொங்கும். தொங்குறது முள்ளுல மாட்டும். புள்ளைங்களைப் பெத்தவன், பத்திரமா ஏறணும் இல்ல?"

உச்சிக்காரர் போய் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க மெஷின் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை ஒல்லி வருவதற்கு முன்னால், பின்கட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உச்சிக்காரர் பேட்டை எடுத்துத் தன் காலில் வைத்துப் பார்த்தார். என்ன வேலை! விளிம்பெல்லாம் உருட்டித் தைத்து, தகடு இருக்கிற இடமே தெரியாமல், வியர்வை போக வரிசையாகத் துளை வைத்து, கையில் எடுத்தாலே கட்டிக்கொள்ளச் சொன்னது. சுற்றினார். பட்டியின் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. மூச்சை உள்ளே இழுத்தார். கெண்டைக்கால் மூச்சுக்குக் கட்டுப்படவில்லை. சரியாக நாலு விரல் பற்றவில்லை.

ஒல்லி வந்து கட்டிக்கொண்டான். பின்கட்டில் கிடந்த அடிமரக் கட்டையில் முள்ளைக் குத்தி எழுந்து நின்றான். ஒரு காலில் நின்றான். மறு காலில் நின்றான். குதித்துப் பார்த்தான். பேட் இம்மியும் நகரவில்லை. "அண்ணி" என்றான். குனிந்து பேட்டைத் தடவிப் பார்த்தான். தையலம்மா அவன் தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, பார்த்து ஏறுப்பா என்று அனுப்பினார்.

வேலை நடக்கும் இடத்தில் பெரிய பட்ட மரம் காத்திருந்தது. கான்ட்ராக்டர் வந்து இருவரையும் பார்த்தார். ஒருவன் காலில் கச்சிதமான பேட். இன்னொருவர் கையில் தலையணை. கான்ட்ராக்டருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு ஒல்லி ஏறட்டும், நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள் என்றார். இன்றைக்கு மட்டும்தானே என்று உச்சிக்காரர் கேட்டார். கான்ட்ராக்டர் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டார்.

ஒல்லி ஏறினான். முள் ஒவ்வொரு அடியிலும் பொத் பொத்தென்று நேராக இறங்கியது. உச்சிக்காரர் குறை கண்டுபிடிக்க அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. மேலேயிருந்து ஒரு கிளை கயிற்றில் இறங்கி வரும்போதுதான், கீழே நின்று கனத்தைத் தாங்கி, எங்கே விடவேண்டும் எங்கே பிடிக்கவேண்டும் என்று பார்ப்பது அப்படி ஒன்றும் சின்ன வேலை இல்லை என்று தெரிந்தது. இதையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் கால் வலி குறைந்திருந்தது. அதை எண்ணி எரிச்சல் வந்தது.

ஆனாலும் மனிதன் லேசில் விடுவானா? மாலையில் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, குரலில் தேன் தடவிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒல்லிக்குத் தைத்த பேட் அருமை என்றார். எல்லாரும் பேசிக்கொண்டார்கள் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அதே மாதிரி எனக்கும் ஒரு ஜோடி தைச்சுடேன்."

தையலம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்குக் கால் வலிக்குதா?"

உச்சிக்காரர் வாயைத் திறந்தார். ஆம் என்றால் அன்றோடு இறங்கவேண்டும், வாக்கு கொடுத்தாயிற்று, சாட்சி மேலே இருக்கிறது. இல்லை என்றால் பேட் இல்லை. பேட் இல்லாமல் ஏறினால் என்ன ஆகும் என்று செவ்வாய்க்கிழமை பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் தேடினார். மூன்றாவது பதில் எங்கேயும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

தையலம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து மெத்தென்ற தோல் துண்டு ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"கயிறு உள்ளங்கையை ரொம்ப அறுக்குமாம், தம்பி சொல்லிட்டுப் போச்சு. கையுறை தைக்கணும். எங்க, கையை நீட்டுங்க."

உச்சிக்காரர் இரண்டு கையையும் நீட்டினார்.